"நேரடித் தமிழ்ப் படம்" என்று போட்டிருந்தாலும் நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இந்த வாரம் படம் பார்க்க நினைப்பவர்கள் டிக்கெட் எடுக்க முதல் இதை வாசியுங்கள். ஒருதலைக் காதல், வயிறு குலுங்கும் பகிடி, நேரடித் தமிழ்ப் படம் என்று சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே ஓடுவது தெலுங்கிலிருந்து டப்பிங் செய்த படம். சுவரொட்டியில் பாதி இடத்தைப் பிடித்து நிற்கும் நகைச்சுவை நடிகருக்கு இரண்டே காட்சி. இடைவேளைக்குப் பிறகு ஆளையே காணோம். கவுண்டரில் கேட்டாலும் "தமிழ்ப் படம்தான்" என்கிறார்கள். டப்பிங் என்று சொல்லி விற்றிருந்தால் விரும்பியவர்கள் போயிருப்பார்கள். சொல்லாமல் காசு வாங்கியதுதான் ஏமாற்று.

ட்ரெய்லரிலேயே இதைப் பிடிக்கலாம். 'ப', 'ம' இரண்டும் உதடு ஒட்டாமல் பிறக்காத எழுத்துகள். நாயகனின் அப்பா "போடா" என்று கத்தும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள்: சத்தம் வருகிறது, உதடு ஒட்டவே இல்லை. நாயகியை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம். தமிழ் தெரியாத நடிகைகளுக்கு நேரடித் தமிழ்ப் படத்திலும் வேறொருவர்தான் குரல் கொடுப்பார், அங்கேயும் உதடு பிசகும். டீக்கடைக்காரர், கண்டக்டர் போன்ற சின்ன வேடக்காரர்களைக் கவனியுங்கள். அடுத்தது வாகன இலக்கத் தகடு. கதை சென்னையில் நடக்கிறதாம், ஆனால் தெருவில் நிற்கும் ஆட்டோக்களில் தமிழ்நாட்டின் டிஎன் இல்லை. தெலங்கானாவின் டிஎஸ், ஆந்திராவின் ஏபி என்று இருக்கிறது. கடைப் பெயர்ப்பலகைகளை மங்கலாக்கியவர்கள் தகடுகளை மறந்துவிட்டார்கள்.

டப்பிங்கில் முதலில் அடிபடுவது பகிடிதான். தெலுங்கு வசனம் எவ்வளவு நேரம் வாயசைக்கிறதோ அவ்வளவுக்குள் தமிழ் வசனம் அடங்க வேண்டும். குறைந்தால் "டேய்", "அட போப்பா" என்று நிரப்புவார்கள், கூடினால் வெட்டுவார்கள். சிலேடை அப்படியே செத்துப்போகும்.

ஆனாலும் சிரிப்பு வராததற்கு முழுக் காரணம் டப்பிங் அல்ல. காதலைப் பாடும் ஏழு அகத்திணைகளில் ஒன்றாகவே கைக்கிளையை, அதாவது ஒருதலைக் காதலை, வைத்த மொழி நம்முடையது. அதைப் படமாக்குவதில் தவறே இல்லை. அந்த மாதிரிக் கதையில் சிரிப்பு, தனக்குத்தானே கோட்டை கட்டும் அந்தப் பையன் மேல் விழ வேண்டும். இங்கே அது பெண்ணின் பயத்தின் மேல் விழுகிறது. ரீலோட் கடையில் அவளுடைய தொலைபேசி இலக்கத்தைத் திருடுகிறான், ஒரே பஸ்ஸில் தினமும் பின்தொடர்கிறான், விடுதிக்குள் வேஷம் போட்டு நுழைகிறான். படம் முழுக்க "வேண்டாம்" என்றவள், மனம் மாறியதற்கு ஒரு காட்சிகூட இல்லாமல் கடைசியில் கைபிடிக்கிறாள். கொழும்புக் காலி வீதியில் பஸ் ஏறும் பிள்ளைகளுக்கு இது பகிடியாகத் தெரியாது. சொல்லாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு கொடுப்பது நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம். 5 ஆண்டு வரை சிறை உண்டு. பிள்ளைகளைக் கூட்டிப் போக நினைக்கும் பெற்றோர் இதை யோசியுங்கள்.

ஏற்கெனவே டிக்கெட் எடுத்துவிட்டவர்கள் படம் முடியும் வரை இருந்துவிட்டுச் சண்டை பிடிப்பதில் பலன் குறைவு. டப்பிங் என்று தெரிந்ததும், இடைவேளைக்கு முன்பே முகாமையாளரிடம் போய்க் காசையோ வேறு காட்சியையோ கேளுங்கள். மறுத்தால் டிக்கெட்டோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி 3 மாதத்துக்குள் முறையிட வேண்டும். "நேரடித் தமிழ்" என்ற வரி தெரியும்படி சுவரொட்டியை இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். அடுத்த படம் வந்ததும் அதன் மேலேயே புதியதை ஒட்டிவிடுவார்கள்.