டெக்சாஸ் மேய்ச்சல் நிலத்தில் ராட்டில்ஸ்நேக்: கொல்வதா, பிடித்து விடுவதா, வேலி போடுவதா?

சான் அன்டோனியோவுக்கு மேற்கே கொஞ்சம் நிலம் வாங்கி நாலு மாடு, பத்து ஆடு விடலாம் என்று இறங்குகிறவர்களுக்கு முதல் கோடையிலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். சப்பாத்திக்கள்ளிப் புதர், சுண்ணாம்புப் பாறை இடுக்கு, நம் சீமைக்கருவேலத்தின் பங்காளியான மெஸ்கீட் மரம், அதனடியில் எலி வளை. வாலைக் கிலுகிலுப்பை போல ஆட்டிச் சத்தம் எழுப்பும் விஷப்பாம்பான ராட்டில்ஸ்நேக்கில், வெஸ்டர்ன் டைமண்ட்பேக் என்கிற வகைக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள்.

பக்கத்துப் பண்ணைக்காரர் சொல்வது எளிது: கண்டால் கொன்றுவிடு. மண்வெட்டியால் ஒரு போடு, அல்லது பாம்புக்கென்றே விற்கும் பொடி ரவைத் தோட்டா. வாசற்படியிலோ பிள்ளைகள் விளையாடும் இடத்திலோ சுருண்டு கிடக்கும் பாம்புக்கு இந்த வழியைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் மேய்ச்சல் காட்டில் கண்ணில் படும் ஒவ்வொன்றையும் துரத்திப்போய் அடிப்பது வேறு விஷயம். ராட்டில்ஸ்நேக் தன் உடல் நீளத்தில் ஏறக்குறைய பாதித் தூரம் பாய்ந்து கொத்தும். நாலடிப் பாம்புக்கு அது இரண்டடி. அடிக்கவோ பிடிக்கவோ போய்க் கடி வாங்கியவர்கள் அமெரிக்க மருத்துவமனைகளுக்குப் புதியவர்கள் அல்ல. பாறையில் பட்டுத் திரும்பும் ரவையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

செத்த பிறகும் வேலை முடிவதில்லை. 2018இல் கார்ப்பஸ் கிறிஸ்டி பக்கம் ஒருவர் ராட்டில்ஸ்நேக்கின் தலையைத் துண்டித்துவிட்டு, அப்புறப்படுத்தக் குனிந்தார். துண்டான தலை கடித்தது. அவரைக் காப்பாற்ற 26 குப்பி விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டியிருந்தது. வெட்டிய தலையைக் கையால் தொடாமல் மண்வெட்டியில் அள்ளி ஆழமாகப் புதைக்க வேண்டும்.

இதையே பெரிய அளவில் செய்கிற ஊர் டெக்சாஸிலேயே இருக்கும் ஸ்வீட்வாட்டர். 1958 முதல் ஆண்டுதோறும் மார்ச்சில் அங்கே பாம்புத் திருவிழா. குளிருக்குப் பாம்புகள் பதுங்கும் பாறைப் பொந்துகளில் பெட்ரோல் ஆவியை ஏற்றி வெளியே துரத்திப் பிடிப்பது நெடுநாள் வழக்கம். அந்த ஆவி பொந்தில் கிடக்கும் தேரை, பூச்சி, விஷமில்லாத பாம்பு எதையும் விடாது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தும் திருவிழாவுக்கு இன்னும் பாம்பு வந்துகொண்டுதான் இருக்கிறது. எலியும் பொந்தும் இருக்கும் இடத்தில் கொன்று தீர்க்கலாம் என்ற கணக்கு எனக்கு ஒட்டவில்லை.

கொல்ல மனமில்லாதவர்கள் சொல்வது, பிடித்து எங்காவது தூரத்தில் விட்டுவிடலாம் என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பென்சில்வேனியாவில் டிம்பர் ராட்டில்ஸ்நேக்குகளுக்கு ரேடியோ பொருத்திப் பின்தொடர்ந்து, 1999இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். வேற்றிடத்தில் கொண்டுபோய் விட்டவற்றில் பாதிக்கு மேல் செத்துப்போயின. அங்கேயே பிறந்து வளர்ந்த பாம்புகளில் செத்தது ஒன்பதில் ஒன்று. குளிருக்கு ஒதுங்கும் பொந்து எங்கே என்று தெரியாத பாம்பு அலைந்து அலைந்தே மாட்டிக்கொள்கிறது. சொந்த நிலத்துக்குள்ளேயே, வீட்டிலிருந்து சில நூறு அடி தள்ளிப் பாறைக் குவியல் பக்கம் விட்டால் பிழைக்கும், ஆனால் திரும்பியும் வரலாம். நீண்ட இடுக்கியும் மூடி போட்ட பக்கெட்டும் கையாளப் பழகியவர் இருந்தால் இந்த வழி சரி. யூடியூப் பார்த்துப் பிடிக்கலாம் என்று நினைப்பவர் பேசாமல் தள்ளி நிற்பது மேல்.

கடைகளில் விற்கும் பாம்பு விரட்டித் தூளைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். பெரும்பாலும் அந்துருண்டைச் சரக்கான நாஃப்தலீனும் கந்தகமும்தான் உள்ளே. சோதித்துப் பார்த்ததில் பாம்புகள் அதைப் பொருட்படுத்தவில்லை. படுக்கையைச் சுற்றிக் குதிரைமயிர்க் கயிறு போட்டால் பாம்பு தாண்டாது என்ற பழைய கௌபாய் நம்பிக்கையும் இதே ரகம்.

வேலி அப்படியில்லை, அது நிஜமாகவே தடுக்கும். கால் அங்குலக் கண் உள்ள கம்பிவலை, மூன்றடி உயரம், அடிப்பகுதி ஆறு அங்குலம் மண்ணுக்குள், மேல்பக்கம் வெளியே சாய்ந்திருக்க வேண்டும். செலவைப் பார்த்தால் நூறு ஏக்கரைச் சுற்றிப் போடுவது நடக்காத காரியம். வீட்டு முற்றம், கோழிக் கூண்டு, நாய் அடைக்கும் இடம் வரைதான் கட்டுப்படியாகும். கேட் அடியில் இரண்டு விரல் இடைவெளி விட்டாலோ, வலை மேல் கொடி ஏறினாலோ போட்ட காசு வீண்.

என்னைக் கேட்டால் முதல் காசு எலி மேல் போக வேண்டும். தீவனம் தகர டிரம்மில், விறகு வீட்டை விட்டுத் தள்ளித் தரைக்கு மேலே, கிடக்கும் பழைய தகரமும் பலகையும் வெளியே, வீட்டைச் சுற்றிப் புல் கட்டையாக. பலன் தெரிய ஒரு பருவமாவது ஆகும், யாரிடமும் கதையாகச் சொல்லவும் எதுவும் இருக்காது. ஆனால் பாம்பு வீட்டுப் பக்கம் வரும் காரணத்தையே இது ஒன்றுதான் தொடுகிறது. கூடவே, பாம்பைத் தின்னும் பாம்புகளை விட்டுவையுங்கள். ராட்டில்ஸ்நேக் விஷம் கிங்ஸ்நேக்கை அசைக்காது, தெற்கு டெக்சாஸின் கருநிற இண்டிகோ பாம்பும் ராட்டில்ஸ்நேக்கை விழுங்கும். புல்ஸ்நேக் என்ற அப்பாவி ஒன்று உண்டு. மிரண்டால் சீறி, வாலைச் சருகில் அடித்து ராட்டில்ஸ்நேக் மாதிரியே சத்தம் போடும். அதனாலேயே அடிபட்டுச் சாகிறது, எலி தின்ன இருந்த ஆள் போய்விடுகிறான்.

அடுத்த காசு முழங்கால் வரை வரும் பாம்பு பூட்ஸுக்கும் ஒரு நல்ல டார்ச்சுக்கும். குதிரை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: மேயும்போது பெரும்பாலும் மூக்கில்தான் கடி விழும். குதிரையால் வாய் வழியாக மூச்சுவிட முடியாது, மூக்கு வீங்கி அடைத்தால் மூச்சுத்திணறியே சாகும். அதனால் அனுபவப்பட்டவர்கள் ஆறு அங்குலத் தோட்டக் குழாய்த் துண்டு இரண்டைச் சேணப் பையில் வைத்திருப்பார்கள். வீக்கம் முற்றும் முன் நாசியில் செருகிவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

மனிதர் கடிபட்டால் வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, ஐஸ் வைப்பது எதுவும் கூடாது. மோதிரத்தைக் கழற்றிவிட்டு 911ஐக் கூப்பிட வேண்டும். அமெரிக்காவில் ஆண்டுக்கு 7,000 முதல் 8,000 பேர் விஷப்பாம்புக் கடி வாங்குகிறார்கள், சாவது ஐந்து பேர் போல. காரணம் விஷமுறிவு மருந்து. இதிலும் இரண்டு போட்டியாளர்கள்: 2000இல் அனுமதி பெற்ற, செம்மறியாட்டு ரத்தத்திலிருந்து எடுக்கும் குரோஃபாப், பின்னால் வந்த, குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் அனாவிப். அனாவிப் உடலில் அதிக நாள் தங்குவதால் ரத்தம் உறைவதில் சில நாள் கழித்துத் தலைதூக்கும் கோளாறு குறைவு என்கிறார்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் விஷயமல்ல அது, மருத்துவமனையில் எது இருக்கிறதோ அதுதான். நம்மூர் அரசு மருத்துவமனையில் இலவசமாக ஏற்றும் மருந்து அங்கே குப்பிக்கு ஆயிரக்கணக்கான டாலர், சின்ன ஊர் மருத்துவமனையில் போதிய குப்பிகள் இல்லாமலும் போகலாம். எந்த மருத்துவமனையில் இருப்பு உண்டு, உங்கள் இன்சூரன்ஸ் அங்கே செல்லுமா என்பதை நிலத்தைப் பதிவு செய்யும் வாரமே விசாரித்து வையுங்கள்.