அம்பு காணவில்லை: இரண்டு மானிட்டர், மூன்று ஆண்டு லினக்ஸ்

லினக்ஸில் இரண்டு மானிட்டர் வைத்து வேலை பார்க்கத் தொடங்கி மூன்று ஆண்டு ஆகிறது. இடப்பக்கம் 27 அங்குலம், 2560க்கு 1440. வலப்பக்கம் பழைய 24 அங்குலம், 1920க்கு 1080. டிரைவர், ஒலி, அச்சுப்பொறி எல்லாம் அவ்வப்போது படுத்தியிருக்கின்றன. ஆனால் மூன்று ஆண்டும் விடாமல் என்னோடு மல்லுக்கு நின்றது மவுஸ் அம்புதான். திரையில் விரல் நகத்தளவுகூட இருக்காது, அதற்காக எத்தனை இரவு விழித்தேன் என்று கணக்கே இல்லை.

முதல் முறை நடந்தது கணினியைத் தூங்க வைத்து எழுப்பியபோது. இடது திரையில் அம்பு ஒழுங்காக இருந்தது. வலது திரைக்குத் தள்ளினேன், எல்லையைத் தாண்டியதும் மாயமாகிவிட்டது. திரும்ப இடப்பக்கம் இழுத்தால் வந்துவிடுகிறது. மவுஸில்தான் கோளாறு என்று பேட்டரியை மாற்றினேன். அப்புறம் வேறொரு கம்பி மவுஸைச் செருகினேன். ஒரு திரையில் வேலை செய்யும் மவுஸ் இன்னொரு திரையில் மட்டும் எப்படிக் கெட்டுப்போகும் என்று யோசிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. அன்றைய என் புத்தி அவ்வளவுதான்.

துப்பு கிடைத்தது தற்செயலாக. வலது திரையில் கையைக் குருட்டாம்போக்கில் நகர்த்தியபோது, உலாவியின் தாவல்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறின. கிளிக் செய்தேன், தாவல் திறந்தது. அப்படியென்றால் அம்பு அங்கேதான் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. ஐந்து நொடி தாமதம் வைத்து, அம்பையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். படத்தில் அம்பு அழகாக நடுவில் நிற்கிறது! அதே நேரத்தில் கைப்பேசியால் மானிட்டரைப் படம் பிடித்தால் அந்த இடம் வெறுமை. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் கொஞ்சம் பேய்க்கதை போலத்தான் இருந்தது.

காரணம் புரிந்தபின் பயம் போய்விட்டது. நாம் பார்க்கும் ஜன்னல்கள், எழுத்துகள், வால்பேப்பர் எல்லாம் ஒரே பெரிய படமாக வரையப்படுகின்றன. மவுஸ் அம்பு அந்தப் படத்தில் பெரும்பாலும் கிடையாது. அதற்கென்று கிராபிக்ஸ் கார்டில் தனியாக ஒரு சிறு படலம் உண்டு. பழைய கார்டுகளில் 64க்கு 64 புள்ளி, புதியவற்றில் பெரும்பாலும் 256க்கு 256. படம் மானிட்டருக்குப் போகும் கடைசிக் கட்டத்தில் கார்டே அம்பை மேலே ஒட்டி அனுப்புகிறது. ஹார்ட்வேர் கர்சர் என்பது இதைத்தான். மவுஸை நகர்த்தினால் மொத்தத் திரையையும் திரும்ப வரைய வேண்டாம், இடத்தை மட்டும் மாற்றினால் போதும். அதனால்தான் கணினி திணறும்போதுகூட அம்பு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

இந்தப் படலம் ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனி. தூங்கி எழுந்ததும் டிரைவர் எல்லாப் படலத்திலும் அம்பின் உருவத்தைத் திரும்ப ஏற்ற வேண்டும். ஒன்றில் மட்டும் விட்டுப்போனால் அந்தத் திரையில் மட்டும் அம்பு இருக்காது. ஸ்கிரீன்ஷாட் மென்பொருளோ கார்டைக் கேட்பதில்லை. அம்பின் உருவமும் இடமும் எக்ஸ் சர்வரிடம், அதாவது திரையையும் மவுஸையும் நிர்வகிக்கும் நிரலிடம் இருக்கின்றன, அதை வாங்கிப் படத்தில் ஒட்டிக்கொள்கிறது. சர்வரின் கணக்குப்படி அம்பு பத்திரமாக இருக்கிறது, கார்டுதான் காட்டவில்லை.

அடுத்த எட்டு மாதம் நான் செய்தது ஒரு சடங்கு. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரையில் எழுத்து முனையம் வரும். உடனே பழைய திரைக்குத் திரும்பினால் அம்பும் கூடவே வந்துவிடும். எழுத்து முனையத்திலிருந்து திரும்பும்போது எக்ஸ் சர்வர் திரை அமைப்பை முதலிலிருந்து நிறுவி அம்பையும் மறுபடி ஏற்றுவதால் இது பலிக்கிறது. எந்த விசையில் டெஸ்க்டாப் இருக்கிறது என்பது உபுண்டு, ஃபெடோரா என்று லினக்ஸ் வகைக்கு வகை மாறும். என்னுடையதில் எஃப்2. காலையில் கணினியை எழுப்பியதும் கை தானாகவே அந்த விசைகளுக்குப் போகும் அளவுக்குப் பழகிவிட்டது.

இதற்கு நடுவே திரைகளின் அமைப்பை மாற்றும் எக்ஸ்ரேண்டர் கட்டளையால் வலது மானிட்டரை மட்டும் அணைத்து எழுப்பும் ஒரு சிறு ஸ்கிரிப்டும் எழுதிப் பார்த்தேன். அம்பு வந்தது. ஆனால் வலது திரையில் இருந்த ஜன்னல்கள் அத்தனையும் இடது திரைக்குத் தாவி ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்தன. இரண்டு நாளில் அந்த ஸ்கிரிப்டை அழித்துவிட்டேன்.

ஒரு வேடிக்கையான வைத்தியமும் உண்டு. எக்ஸ்ரேண்டரில் அந்த மானிட்டரின் அளவீட்டை 1 என்பதற்குப் பதில் 0.9999 என்று கொடுப்பது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது என்பார்கள், ஆனால் எக்ஸ் சர்வருக்கு அது உருமாற்றிய திரை. அங்கே ஹார்ட்வேர் கர்சரை விட்டுவிட்டு அம்பைத் தானே வரைகிறது. ஒரு மானிட்டரைப் பெரிதாக்கி வைத்திருப்பவர்களுக்கு மற்றதில் அம்பு மின்னி மின்னி மறையும் தொல்லைக்கும் இதே மருந்துதான். எனக்கும் பலித்தது. வித்தியாசம் தெரியாது என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். நாள் முழுக்க எழுத்தைப் பார்ப்பவன் நான், எழுத்துகளின் ஓரம் லேசாக மங்கியது ஒரு மணி நேரத்திலேயே கண்ணை உறுத்தியது.

கடைசியில் நேர்வழிக்கே வந்தேன். என் கணினியில் ஓடும் எக்ஸ் சர்வரின் பெயர் எக்ஸ்ஆர்க், அதன் அமைப்புக் கோப்புறையில் ஒரு சின்னக் கோப்பு. அதில் டிவைஸ் பகுதி, மோட்செட்டிங் டிரைவர், எஸ்டபிள்யூகர்சர் விருப்பத்துக்கு ட்ரூ, அதாவது அம்பைக் கார்டிடம் விடாமல் மென்பொருளே வரையும் சாஃப்ட்வேர் கர்சர். ஐந்தே வரி. முதல் முயற்சியில் ஒரு மேற்கோள் குறியை மூடாமல் விட்டுவிட்டேன். மறுதொடக்கம் செய்தால் டெஸ்க்டாப்பே வரவில்லை. அந்த எஃப்3 சடங்குதான் கைகொடுத்தது. எழுத்து முனையத்தில் நுழைந்து கோப்பைத் திருத்தி மீண்டேன். இதைச் செய்து பார்ப்பவர்கள் முனையத்தில் கோப்பைத் திருத்த முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள்.

அன்று தொடங்கி ஓராண்டுக்கு மேல் சாஃப்ட்வேர் கர்சரோடு ஓட்டினேன். அம்பு ஒருமுறைகூட மறையவில்லை. விலை இல்லாமல் இல்லை. பெரிய நிரலைத் தொகுக்கும்போது அம்பு கையைவிட்டுப் பின்தங்கி வரும். காணொளிக்கு மேலே கொண்டுபோனால் சில நேரம் படபடக்கும். அலுவல் வேலைக்குப் பொறுத்துக்கொள்ளலாம். விளையாட்டுக்காரர்கள் பொறுக்க மாட்டார்கள்.

பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்தபோது ஒருநாள் மறுபடியும் அம்பைக் காணோம், இந்த முறை இரண்டு திரையிலும். பழைய நோய்தான் என்று எஃப்3, மறுதொடக்கம், கோப்பு சரிபார்ப்பு என ஒரு மாலையே போயிற்று. தாவல்கள் நிறம் மாறுகின்றனவா என்று பார்க்கும் புத்தி அன்று ஏனோ வரவில்லை. பார்த்திருந்தால் எதுவுமே மாறவில்லை என்று தெரிந்திருக்கும். எக்ஸ்டூடூல் கருவியிடம் அம்பு எங்கே என்று கேட்டேன். எக்ஸ் 5103, ஒய் 412 என்றது. என் இரண்டு மானிட்டரின் அகலத்தையும் கூட்டினால் 4480. அம்பு என் மேசையைத் தாண்டி 600 புள்ளிக்கும் மேலே எங்கோ போய் நிற்கிறது!

எக்ஸ்ரேண்டரை ஓடவிட்டதும் மூன்றாவது திரை ஒன்று பட்டியலில் சிரித்தது: 1920க்கு 1080, தொடக்கம் 4480. முந்தைய வாரம் படம் பார்க்க எச்டிஎம்ஐ கம்பியில் இணைத்த தொலைக்காட்சி. அதை அணைத்திருந்தேன், கம்பியைப் பிடுங்கவில்லை. பல தொலைக்காட்சிகள் அணைந்திருந்தாலும் கம்பி வழியே இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அம்பு வலது ஓரத்தைத் தாண்டி அந்த இருட்டுத் திரைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கம்பியைப் பிடுங்கியதும் ஓடி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அம்பு காணோம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் கேட்பது ஒன்றே: மவுஸை நகர்த்தினால் எதாவது நிறம் மாறுகிறதா? மாறினால் வரைவதில் கோளாறு, கார்டையும் டிரைவரையும் பாருங்கள். மாறாவிட்டால் அம்பு வேறெங்கோ போயிருக்கிறது, திரைகளின் வரிசையைப் பாருங்கள். ஒரே ஒரு செயலியின் ஜன்னலுக்குள் மட்டும் மறைந்தால் பெரும்பாலும் அந்தச் செயலியேதான் ஒளித்து வைத்திருக்கும். முழுத்திரைக் காணொளி இயக்கிகளும் விளையாட்டுகளும் மெய்நிகர்க் கணினிகளும் இதில் கைதேர்ந்தவை. அன்கிளட்டர் போன்ற, சும்மா இருக்கும் அம்பை மறைக்கும் நிரலை நாமே என்றோ நிறுவி மறந்திருப்பதும் உண்டு.

ஆறு மாதத்துக்கு முன் எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்டுக்கு மாறினேன். 2008இல் தொடங்கிய திட்டம், நான் போய்ச் சேர இவ்வளவு காலம். அங்கேயும் அம்புக்கு அதே கார்டுப் படலம்தான், ஆகவே நோய் வரவே வராது என்று சொல்ல முடியாது. வந்தால் எக்ஸ்ஆர்க் கோப்பு அங்கே செல்லாது. கேடிஇ டெஸ்க்டாப் என்றால் கேவின்_ஃபோர்ஸ்_எஸ்டபிள்யூ_கர்சர், டபிள்யூஎல்ரூட்ஸ் என்ற நிரலகத்தின் மேல் கட்டியவை பலவற்றில் டபிள்யூஎல்ஆர்_நோ_ஹார்ட்வேர்_கர்சர்ஸ் என்ற சூழல் மாறிக்கு 1 கொடுக்க வேண்டும். ஆங்கில எழுத்தில், எல்லாம் பெரிய எழுத்தாக. என் கணினியில் இதுவரை தேவைப்படவில்லை. எக்ஸ்டூடூலை மட்டும் அங்கே நம்பாதீர்கள், வேலண்ட் அம்பின் இடத்தை எல்லாருக்கும் சொல்வதில்லை.

இப்போதைய குறை வேறு. வலது திரைக்குப் போனால் சில பழைய செயலிகளுக்குள் அம்பு எறும்பளவு சுருங்குகிறது. ஆக, இருக்கிற அம்பையே தேட வேண்டியிருக்கிறது. அதற்காக என் டெஸ்க்டாப்பான க்னோமின் அணுகல்தன்மை அமைப்பில், கண்ட்ரோல் விசையைத் தட்டினால் அம்பைச் சுற்றி வட்டம் விரியும் வசதியை இயக்கி வைத்திருக்கிறேன். கேடிஇயின் பிளாஸ்மா 6.1 அல்லது அதற்குப் பின் வந்தது வைத்திருப்பவர்கள் மவுஸை வேகமாக உலுக்கினால் அம்பு ஊதிப் பெரிதாகும். வட்டத்தை டெஸ்க்டாப்பே வரைவதால் கார்டு அம்பை விழுங்கிவிட்டாலும் வட்டம் மட்டும் வரும். எட்டு மாதம் எஃப்3 அழுத்திக்கொண்டிருந்தபோது இந்த வசதி என் கணினியிலேயே இருந்தது, நான்தான் அமைப்புகளின் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை.