குன்னூர்க் குளிரும் ஆயில் ஹீட்டரும்

டிசம்பர் கடைசியில் மதுரையிலிருந்து தோழி வருகிறாள் என்றதும் எனக்கு முதல் கவலை ஹீட்டர்தான். கூடவே 2 வயதிலும் 4 வயதிலும் இரண்டு வாண்டுகள். எங்களிடம் இருந்ததோ கம்பி சிவக்கச் சிவக்க எரியும் பழைய ஹீட்டர். கரிச்சட்டி வைத்தால் போச்சு என்றார் மாமியார். சாத்திய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும், அதற்கு வாசனைகூடக் கிடையாது. வேண்டவே வேண்டாம் என்றுவிட்டேன்.

வாங்கியது 9 பட்டை ஆயில் ஹீட்டர், 2000 வாட். எண்ணெய் உள்ளேயே அடைபட்டிருக்கும், நாம் ஊற்ற வேண்டியதில்லை. அறை கதகதப்பாக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, அதனால் பிள்ளைகள் சாப்பிட உட்காரும்போதே போட்டுவிடுவேன். விசிறி இல்லை, சத்தமும் இல்லை. அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சூடு நிற்கிறது.

ஆனால் பட்டைகள் கையைச் சுடத்தான் செய்யும். சின்னவன் பந்து நேராக அங்கேதான் உருளும்! துணி காயப்போடும் ஸ்டாண்டைக் குறுக்கே நிறுத்தி, ஜன்னல் கம்பியில் கட்டிவைத்தேன். அதில் துணி மட்டும் போடவில்லை.

16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும் என்று கடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படுக்கையறையில் இருந்தது சின்ன பாயிண்ட். எலக்ட்ரீஷியன் வர 2 நாள், செலவு தனி. முழுச் சூட்டில் ஓடினால் மணிக்கு 2 யூனிட். கரண்ட் பில் இன்னும் வரவில்லை.