ஸ்ரேரிங் திடீரென்று இறுகினால்: போன் ஸ்கேனரா, பெரிய கராஜா, மீற்றரா, வயரிங் அண்ணையா?

கார்த்திகை மழை. முல்லைத்தீவிலிருந்து ஒட்டுசுட்டான் தாண்டி ஒலுமடுப் பக்கம் வந்துகொண்டிருந்தேன். வைப்பர், ஹெட்லைற், கண்ணாடியில் படியும் ஆவிக்குப் போட்ட ஃபான் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு வளைவில் திருப்பியதும் ஸ்ரேரிங் கல்லாகிப் போனது. ஸ்ரேரிங்கின் மின் உதவியில் குறை என்று காட்டும் இபிஎஸ் லைற் எரிந்தது, ஹெட்லைற் மங்கியது, ரேடியோ நின்றது. மாங்குளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் சுமார் 50 கிலோமீற்றர் தெரு. காட்டுப் பகுதி, இரவில் யானை கடக்கும் இடம். இறங்கி நின்று பார்க்க முடியாது. தோள் நோக நோகத் திருப்பி மாங்குளம் வந்து சேர்ந்தேன். நிறுத்தித் திரும்ப ஸ்ரார்ட் செய்ததும் எல்லாம் பழையபடி வேலை செய்தது. மூன்றாம் நாள் மறுபடியும் அதே கதை.

அடுத்த இரண்டு கிழமைக்குள் நாலு வழியையும் பார்த்துவிட்டேன். நாலும் ஒன்றல்ல.

முதலில் உங்கள் கார் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய கார்களில் எண்ணெயால் வேலை செய்யும் ஸ்ரேரிங். அதன் பம்பைப் பெல்ற் சுற்றுகிறது. பல கார்களில் பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றும் அல்ரனேற்றரையும் அதே பெல்ற்தான் சுற்றும். அதனால் பற்றறி லைற்றும் ஸ்ரேரிங் இறுக்கமும் ஒரே நேரத்தில் வந்தால் பெல்ற் அறுந்திருக்கும். தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ற்றில் இருந்தால் இன்ஜின் கொதித்துவிடும், உடனே நிறுத்த வேண்டும். பெரும்பாலான புதிய கார்களில் எண்ணெயும் இல்லை, பம்பும் இல்லை. ஒரு மின் மோட்டர்தான் கைக்கு உதவுகிறது. முழுக்கத் திருப்பும்போது அது பல பத்து அம்பியர் இழுக்கும். வோல்ற் குறைந்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உதவியை விட்டுவிடும். என்னுடையது இந்த வகை.

மச்சான் கொண்டு வந்தது, காரின் கணினியில் பதிவான குறைகளை வாசிக்கும், போனோடு சேரும் சின்ன ஸ்கேனர். சாரதியின் முழங்காலுக்கு மேலே இருக்கும் 16 முனைச் சொக்கற்றில் செருகினோம். “ஒரு குறையும் இல்லை” என்றது. மச்சானுக்கு மகிழ்ச்சி, எனக்குக் குழப்பம். மலிவான ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜின் கணினியோடு மட்டும்தான் பேசும். ஸ்ரேரிங், பிரேக், எயார்பாக் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணினி. யப்பானின் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த பழைய கார்கள் சிலவற்றோடு அது பேசவே பேசாது. 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை தனியார் கார் இறக்குமதி நின்றிருந்ததால், நம் தெருக்களில் ஓடுபவற்றில் அப்படிப்பட்டவை இன்னும் நிறைய. ஓடும்போதே வோல்ற் காட்டும், அது ஒன்றுதான் அதில் பயன். நாலில் இதற்குக் கடைசி இடம்.

பெரிய கராஜின் கணினி ஸ்ரேரிங்கோடு பேசியது. ஸ்ரேரிங், பிரேக், ஏசி என்று மூன்று இடத்தில் குறை எழுதியிருந்தது. “ஸ்ரேரிங் கொலத்தை முழுசா மாத்தவேணும்” என்றார்கள். கொலம் என்றால் ஸ்ரேரிங் சில்லிலிருந்து கீழே போகும் தண்டு. சொன்ன விலையைக் கேட்டு வீட்டில் யாரும் பேசவில்லை. குறைக் குறி எந்தக் கணினி முறையிட்டது என்று சொல்லும். ஏன் முறையிட்டது என்று சொல்லாது. ஒரே நேரத்தில் மூன்று கணினிகள் அழுதால், மூன்றும் ஒன்றாகப் பழுதாகியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மூன்றுக்கும் சாப்பாடு வரும் வழியைப் பார்க்க வேண்டும். கணினி சரியாகத்தான் சொன்னது, வாசித்தவர்தான் அவசரப்பட்டார்.

சரி என்று வோல்ற் அளக்கும் ஒரு மல்டிமீற்றர் வாங்கினேன். பற்றறி விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ற் இருந்தால் பற்றறி நிறைவு, 12.2 என்றால் பாதி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் அல்ரனேற்றர் வேலை செய்கிறது. எனக்கு 12.5, 14.1. இரண்டும் சரி! பற்றறி முனைகளில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு, குறை இல்லை என்று முடிவு கட்டினேன். அங்கேதான் பிழை விட்டேன்.

கிளிநொச்சியில் வயரிங் வேலை செய்யும் அண்ணை ஒருவர். சிக்னல் பல்பு ஒன்றில் இரண்டு வயர் ஒட்டிய சோதனை லைற்றும் பழைய மீற்றரும்தான் அவரிடம் இருந்தன.

“தம்பி, பற்றறிய விடுங்கோ. எர்த்தைப் பாப்பம்.”

எர்த் என்றால், கரண்ட் காரின் உடம்பு வழியாகப் பற்றறியின் மைனஸுக்குத் திரும்பும் வழி. இன்ஜின் ஓட, லைற், ஃபான் எல்லாம் போடச் சொன்னார். மீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் மைனஸிலும் மற்றதைக் காரின் உடம்பில் பெயின்ற் இல்லாத ஒரு போல்ற்றிலும் வைத்தார். 0.4 வோல்ற் அந்த வழியில் வீணாகிறது. அதிகம்தான், 0.2 தாண்டக் கூடாது. “இப்ப திருப்புங்கோ.” திருப்பினேன். 3.6. லைற் மங்கியது, இபிஎஸ் எரிந்தது. பற்றறித் தட்டுக்குக் கீழே உடம்போடு சேரும் எர்த் வயரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார், சுட்டது. கழற்றினால் போல்ற்றின் அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது, மேலே செம்மண். கத்தியால் தகடு மினுங்கும் வரை சுரண்டி இறுக்கினார். அப்புறம் அளந்தபோது 0.1. அதற்குப் பிறகு ஒரு நாளும் இறுகவில்லை.

ஆகவே என் வரிசை: முதலில் மீற்றர், ஆனால் குறை வரும் நிலையில், எர்த் பக்கமும் சேர்த்து. மீற்றர் கையில் இல்லாவிட்டால், மைனஸ் முனையையும் உடம்பையும் ஒரு தடித்த ஜம்பர் வயரால் இணைத்துப் பாருங்கள். ஸ்ரேரிங் இலகுவானால் எர்த்தில்தான் குறை. கண்டுபிடிக்க முடியாவிட்டால் வயரிங் அண்ணை. ஒன்று மட்டும் அவரிடமும் சொல்லுங்கள்: ஸ்ரேரிங் கொலத்தில் போகும் மஞ்சள் வயர் எயார்பாக்குக்கு உரியது, அதில் சோதனை லைற் வைக்கக் கூடாது. குறை பதிவைப் பார்க்கும் முன் பற்றறியைக் கழற்றவும் வேண்டாம். சில கார்களில் பதிவு அழிந்துவிடும்.

பெரிய கராஜை நான் ஒதுக்கவில்லை. ஸ்ரேரிங் மோட்டருக்கு வரும் வோல்ற்றும் எர்த்தும் சரியாக இருந்தும் லைற் அணையவில்லை, குறியும் ஸ்ரேரிங்கில் மட்டும்தான் என்றால், அது வேறு விஷயம். கைத்திருப்பை அளக்கும் சென்சர் பழுதாகியிருக்கலாம். அதை மாற்றிய பின் நேர் நிலை எது என்று ஸ்ரேரிங் கணினிக்குப் பழக்கிவிட, பல கார்களில் சரியான ஸ்கேனர் வேண்டும். அதற்காக வவுனியாவோ யாழ்ப்பாணமோ போகலாம். போகும்போது நீங்கள் அளந்த எண்களை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்.