விபாசனா தியானம்: நான்கு ஆண்டுகளும் மாலை நேரத் தூக்கமும்

சித்தியின் மகன் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, "அண்ணா, பத்து நாள் முகாமுக்கு விண்ணப்பிக்கட்டுமா?" என்று கேட்டான். காலை நான்கு மணிக்கு மணி அடித்து எழுப்புவார்கள், பேச்சு கிடையாது, கட்டணம் கிடையாது, முதல் மூன்று நாள்கள் மூச்சைக் கவனிக்கும் ஆனாபானம், நான்காம் நாளிலிருந்து உடலுணர்வுகளைக் கவனிக்கும் விபாசனா என்பதெல்லாம் அவனுக்கு முன்பே தெரியும். வீடு திரும்பிய பிறகு என்ன ஆகிறது என்பதுதான் அவனுக்குத் தெரியவேண்டியிருந்தது. நான் முகாம் முடித்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவற்றுள் கடைசி ஒன்றரை ஆண்டில்தான் நாள்தோறும் தவறாமல் உட்கார்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கத்தி முடித்த பிறகுதான் நான் கோபப்பட்டிருக்கிறேன் என்பதே முன்பெல்லாம் எனக்குப் புரியும். இப்போது அது காது மடலில் சூடாகவும் தாடையில் இறுக்கமாகவும் முன்கூட்டியே தெரிகிறது. மகள் கணக்கு நோட்டைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்த ஒரு மாலையில், வாயைத் திறப்பதற்கு முன் அந்தச் சூட்டை உணர்ந்து இரண்டு மூச்சு பொறுத்தேன். அவள் அழாமல், தோழியைத் தொலைபேசியில் அழைத்துக் கணக்குகளைக் கேட்டு எழுதிக்கொண்டாள். இந்த ஒன்றுக்காகவே நான்கு ஆண்டுகள் உட்காரலாம்.

ஆனால் மாலை அமர்வு என்னைப் படாதபாடு படுத்திவிட்டது. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லித்தான் முகாமிலிருந்து அனுப்புகிறார்கள். இது துறவிகளுக்குரிய கணக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இம்முறையைக் கற்பித்த சயாஜி ஊ பா கின் பர்மாவின் தலைமைக் கணக்காயராகப் பணியாற்றிய குடும்பஸ்தர். 1952இல் ரங்கூனில் தியான மையம் நிறுவிய பிறகும் அரசுப் பணியில் நீடித்தவர். அவரிடம் கற்று, 1969இல் இந்தியாவுக்கு வந்து முகாம்களைத் தொடங்கிய கோயங்காவும் பிள்ளைகுட்டிகளோடு வணிகம் செய்தவர்தான். அவர்கள் நம்மிடம் இரண்டு மணி நேரம் கேட்பதில் நியாயம் உண்டு. என் ஆத்திரம் வேறொன்றின் மீது. முகாமில் சமையல், பிள்ளை, பேருந்து என்று எந்தக் கவலையுமின்றிப் பதினொரு மணிக்கே மதிய உணவு உண்டு உட்கார்ந்த உடம்பும், ஒன்பது மணி நேர வேலைக்குப் பின் நெரிசலில் நின்றபடியே வீடு வந்து இரவு ஏழரைக்கு உட்காரும் உடம்பும் ஒன்றல்ல என்பதை எனக்கு ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. கண்ணை மூடிய இருபதாம் நிமிடத்தில் மூச்சு மங்கும், தலை முன்னால் சரியும், கழுத்து வெடுக்கென்று நிமிரும், மறுபடியும் சரியும். பழகியவர்களிடம் கேட்டபோது, அதையும் சமநிலையோடு கவனியுங்கள் என்றார்கள். தூங்குகிறவன் எதைக் கவனிப்பான்? இரண்டு ஆண்டுகள் குற்றவுணர்வோடு உட்கார்ந்தேன். பிறகு சில மாதங்கள் உட்காரவே இல்லை.

என்னை மறுபடியும் உட்கார வைத்தது, பாலி மொழிப் பௌத்த நூல்தொகுப்பான அங்குத்தர நிகாயத்தில் உள்ள ஒரு சுத்தம், அதாவது புத்தரின் உரை. தூக்கக் கலக்கத்துக்குப் பாலியில் தீனமித்தம் என்று பெயர், அது தியானத்தின் ஐந்து தடைகளுள் ஒன்று என்ற அளவில்தான் அதுவரை அறிந்திருந்தேன். மகத நாட்டுச் சிற்றூர் ஒன்றில் மொக்கல்லானரே உட்கார்ந்தபடி தூங்கி வழிந்தார் என்பதை அதில்தான் படித்தேன். பின்னாளில் புத்தரின் இரு தலைமைச் சீடர்களுள் ஒருவராக விளங்கியவர் அவர். புத்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஒன்று பலிக்காவிட்டால் அடுத்தது என்று வரிசையாக வழி சொல்கிறார். தூக்கத்தைக் கொண்டுவந்த நினைவை விடு. கேட்ட தம்மத்தை, அதாவது போதனையை, எண்ணிப் பார், வாய்விட்டு ஓது. காதுகளைப் பிடித்து இழு, கைகால்களைத் தேய்த்துவிடு. எழுந்து கண்களை நீரால் கழுவி, திசைகளையும் விண்மீன்களையும் பார். பகலின் ஒளியை மனத்தில் கொண்டுவா. முன்னும் பின்னுமாக நட. எதற்கும் தூக்கம் போகவில்லையென்றால், எழும் எண்ணத்தை மனத்தில் இருத்தி வலப்பக்கமாகப் படுத்துக்கொள். காதைப் பிடித்து இழுத்த முதல் மாலையில், பிள்ளையார் முன் தோப்புக்கரணம் போடப் பழகிய வயது நினைவுக்கு வந்து எனக்குக் கண் கலங்கியது.

இப்போதெல்லாம் மூச்சு மங்கத் தொடங்கியதும் எழுந்து, முகம் கழுவிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறேன். தண்ணீர்த் தொட்டியிலிருந்து துணிக்கொடிவரை பதினைந்து காலடி. பகல் வெயிலின் வெதுவெதுப்பு சிமெண்டுத் தரையில் மிச்சமிருக்கும். முதலில் குதிகாலிலும் பிறகு விரல்களிலும் அந்தச் சூடு ஏறுவதைக் கவனித்து நடந்தால், பத்து நிமிடத்தில் மனம் தெளிந்துவிடும். மீதி நேரத்தைக் கீழே வந்து உட்கார்ந்து முடிக்கிறேன். நான் கற்ற முகாமில் நடைத் தியானம் சொல்லித் தரப்படவில்லை. கண்டிப்பானவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். ஆனாலும் என் பயிற்சியைக் காப்பாற்றியது அந்தப் பதினைந்து காலடிதான்.

இவ்வளவையும் சொல்லிவிட்டுத் தம்பியிடம், இந்த ஆண்டு போகவேண்டாம் என்றேன். அவன் தொழிற்சாலையில் வாரத்துக்கு ஒரு முறை ஷிப்ட் மாறுகிறது. வீட்டில் ஆறு மாதக் கைக்குழந்தை இருக்கிறது. பத்து நாளை அவன் எளிதாகக் கடந்துவிடுவான். நான் சுமந்த குற்றவுணர்வைப் பதினோராம் நாளிலிருந்து அவனும் சுமப்பதைப் பார்க்க எனக்கு மனமில்லை. அவன் கேட்டதற்கு முந்தைய நாள் மாலை, மாடிக்குப் போகும் முன்பே நான் தூங்கிவிட்டிருந்தேன். அந்தக் கசப்பும் என் பதிலில் கலந்திருக்கலாம். பகல் ஷிப்ட் நிலையானதும் சொல்லடா, நானும் இரண்டாம் முறை வருகிறேன், சேர்ந்தே விண்ணப்பிப்போம் என்று சொல்லித்தான் தொலைபேசியை வைத்தேன்.