மும்பை மருத்துவமனை ஒன்றின் மருந்தாய்வுப் பிரிவு: பங்கேற்பாளர் ஒருவரின் மதிப்பீடு

மத்திய மும்பையில் உள்ள ஒரு பெரிய மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், இதயநோய் வெளிநோயாளர் வரிசையைத் தாண்டிப் போனால், ‘கிளினிக்கல் ரிசர்ச்’ என்று எழுதிய கண்ணாடிக் கதவு ஒன்று வரும். 2023 ஆகஸ்ட் மாதத்திலிருந்து, பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அந்தக் கதவைத் திறந்துகொண்டு போய் வருகிறேன். மருத்துவமனையின் பெயரையோ மருந்து நிறுவனத்தின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை; ஆய்வு இன்னும் முடியவில்லை, நான் சொல்லும் குறைகள் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் உரியவை என்றும் எனக்குத் தோன்றவில்லை. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் இருக்கும் நம்மவர்களிடம் ஒருநாள் ஒரு மருத்துவர் ‘டிரையலில் சேருகிறீர்களா’ என்று கேட்கக்கூடும். அப்போது ஒரு மருந்தாய்வுப் பிரிவை எப்படி எடைபோடுவது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தந்தை 44 வயதில் மாரடைப்பில் இறந்தார். புகை, மது எதுவும் இல்லாத எனக்கு 47 வயதில் ஸ்டென்ட் வைத்தார்கள். மாத்திரை சாப்பிட்டுக் கெட்ட கொழுப்பு நன்றாக இறங்கிய பிறகும் திருப்தியடையாத மருத்துவர், லைப்போபுரோட்டீன்-ஏ என்ற இன்னொன்றை அளந்து பார்த்தார். லிட்டருக்கு 125 நானோமோலைத் தாண்டினாலே அதிகம் என்று கணக்கிடப்படும் இந்தப் பொருள், எனக்கு 214 இருந்தது. 1963-இல் நார்வே நாட்டு மருத்துவர் கோரே பெர்க் கண்டறிந்த இது, கெட்ட கொழுப்புத் துகளோடு இன்னொரு புரதம் ஒட்டிக்கொண்ட வடிவம். இரத்தக் குழாயை அடைப்பதிலும் உறைவை வளர்ப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. உலகில் ஐந்தில் ஒருவருக்கு இது கூடுதலாக இருக்கிறது என்பது பொதுவான மதிப்பீடு. அளவைப் பெரும்பாலும் மரபணுதான் தீர்மானிக்கிறது என்பதால், நடைப்பயிற்சியோ எண்ணெயைக் குறைப்பதோ இதை அசைப்பதில்லை. நாம் வழக்கமாகச் சாப்பிடும் ஸ்டாட்டின் மாத்திரையும் இதைக் குறைப்பதில்லை. வாழ்நாளில் ஒருமுறையாவது இதை அளந்துகொள்ள வேண்டும் என்று இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. ஆனால் அளந்த பிறகு என்ன செய்வது? இதற்கென்றே அனுமதி பெற்ற மருந்து, நான் கையெழுத்துப் போட்ட 2023-இல், உலகில் எங்கும் இல்லை.

ஆய்வில் இருக்கும் மருந்து, சிறு குறுக்கீட்டு ஆர்.என்.ஏ. என்ற வகையைச் சேர்ந்தது. கல்லீரல் அந்தப் புரதத்தைச் செய்வதற்கு, மரபணுவிலிருந்து ஒரு செய்முறைக் குறிப்பு நகலெடுத்து அனுப்பப்படுகிறது. இந்த ஊசி அந்த நகலைத் தேடிப் பிடித்து வெட்டிவிடுகிறது, மரபணுவைத் தொடுவதில்லை. மருந்தின் வாலில் ஒரு சர்க்கரை மூலக்கூறைக் கோத்திருப்பதால், அதை அடையாளம் காணும் கல்லீரல் செல்கள் மட்டும் பெருமளவில் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அமெரிக்க விஞ்ஞானிகள் ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவரும் 1998-இல் ஒரு சிறு புழுவில் விளக்கிக் காட்டி, 2006-இல் நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்புதான், இப்படி நகலை வெட்டும் இந்த வழி. இந்த வழியில் வந்த முதல் மருந்தான பாட்டிசிரான் 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. லைப்போபுரோட்டீன்-ஏ-க்காக இதே வழியில் உருவான ஓல்பாசிரான் 2022-இலும், லெப்போடிசிரான் 2025-இலும் வெளியான, சில நூறு பேரிடம் செய்த இரண்டாம் கட்ட ஆய்வு முடிவுகளில், உயர்ந்த அளவு ஊசிகளில், இரத்தத்தில் உள்ள அளவை 90 சதவீதத்துக்கு மேல் குறைத்தன.

இதைக் கேட்டதும், உடனே போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று எனக்கும் தோன்றியது. அந்த ஆர்வத்தை ஆய்வுப் பிரிவின் தலைமை மருத்துவர் கையாண்ட விதத்துக்குத்தான் நான் முதல் மதிப்பெண் கொடுப்பேன். எண் குறைவதும் மாரடைப்பு குறைவதும் ஒன்றல்ல என்று சொன்ன அவர், டார்செட்ராபிப் என்ற மருந்தின் கதையை அரைமணி நேரம் உட்கார்ந்து விளக்கினார். நல்ல கொழுப்பை ஏறக்குறைய 70 சதவீதம் உயர்த்திக் காட்டிய அந்த மருந்து, 15,000-க்கு மேற்பட்டவர்களிடம் சோதிக்கப்பட்டபோது, மருந்து பெற்றவர்களிடையே இறப்பு கூடியதால் 2006 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அந்த மருந்து இல்லாத மாத்திரை பெற்ற ஒரு பாதிப் பேர் அந்த ஆய்வில் இல்லாமல் இருந்திருந்தால், இறந்தவர்கள் எல்லோரும் தங்கள் நோயினால் இறந்தார்கள் என்றே எழுதப்பட்டிருக்கும். “இங்கே உங்களுக்கு நடப்பது சிகிச்சை இல்லை, உங்கள் சிகிச்சை ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள்தான், அவற்றை ஒருநாளும் நிறுத்தக் கூடாது” என்று அவர் இந்தியில் சொன்ன வாக்கியத்தை வேறு எந்த மருத்துவரும் எனக்குச் சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆள் சேர்த்தாக வேண்டிய நெருக்கடியில் இருக்கும் ஒரு பிரிவு இப்படிப் பேசுவது சிறிய விஷயமல்ல.

வாயால் அவ்வளவு தெளிவாகச் சொன்ன அதே இடம், தாளில் என்னை ஏமாற்றியது.

பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் இருக்க வேண்டும் என்பது சட்டம். எனவே 24 பக்கத்தில் ஒரு தமிழ்ப் படிவம் கொடுத்து, வீட்டில் படித்து வரச் சொன்னார்கள். அவசரப்படுத்தாமல் ஒரு வாரம் தந்ததும் நல்ல பழக்கம். அன்றிரவு என் மனைவி சாப்பாட்டு மேசையில் அதை உரக்க வாசித்தார். ஏழாவது பக்கத்தில் இந்த வரி இருந்தது: “நீங்கள் 1:1 என்ற விகிதத்தில் இரண்டு கைகளில் ஏதேனும் ஒன்றில் சீரற்ற முறையில் ஒதுக்கப்படுவீர்கள்.” அவர் நிறுத்திவிட்டு, “எந்தக் கையில போடுவாங்கன்னு முன்னாடியே சொல்ல மாட்டாங்களாமா?” என்று கேட்டார். எனக்கும் அப்படித்தான் புரிந்தது. இடது கையோ வலது கையோ, அதில் என்ன இருக்கிறது என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டோம்.

மறுவாரம் இருவரும் போனபோது, அங்கே பணிபுரியும், திருநெல்வேலிப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு செவிலியர், ஊசியை வயிற்றில் தோலுக்கு அடியில்தான் போடுவோம் என்றார். “அப்போ கை எதுக்கு?” என்று என் மனைவி படிவத்தை எடுத்துக் காட்டினார். அந்தச் செவிலியர் வரியைப் படித்துவிட்டு, இங்கிலீஷ் படிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, “அக்கா, இது கை இல்லக்கா, குரூப்பு. ஒரு குரூப்புக்கு மருந்து, இன்னொரு குரூப்புக்கு வெறும் உப்புத்தண்ணி. அண்ணனுக்கு எது வரும்னு எங்க டாக்டருக்கே தெரியாது” என்றார். ஆங்கிலத்தில் ஆய்வின் பிரிவைக் குறிக்கும் ‘ஆர்ம்’ என்ற சொல்லை யாரோ அகராதி பார்த்துக் கை என்று ஆக்கியிருக்கிறார்கள். பிளாசிபோ என்று எல்லோரும் சொல்வதை ‘மருந்துப்போலி’ என்று எந்த விளக்கமும் இல்லாமல் எழுதியிருந்ததால், அதுவும் போலி மருந்தைப் பற்றிய ஏதோ எச்சரிக்கை என்று எண்ணியிருந்தோம். அந்தச் செவிலியர் வாய்மொழியாகச் சொல்லாமல் இருந்திருந்தாலோ, என்னோடு வந்தவர் கேள்வி கேட்கும் பழக்கம் இல்லாதவராக இருந்திருந்தாலோ, பாதிக்குப் பாதி வாய்ப்பில் எனக்கு உப்புநீர்தான் கிடைக்கும் என்பதை அறியாமலே நான் கையெழுத்திட்டிருப்பேன். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒருவருக்கு அந்தப் படிவம் ஒன்றுதானே ஆதாரம்? அதில் நேர்ந்த பிழையை எழுத்துப் பிழை என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

கடைசிப் பக்கத்தில் என் படிப்பு, தொழில், ஆண்டு வருமானம் ஆகியவற்றோடு ‘நாமினி’ பெயரும் உறவும் கேட்கப்பட்டிருந்தன. ஆய்வினால் மரணம் நேர்ந்தால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்காகச் சட்டமே அந்த இடத்தை வைத்திருக்கிறது. வங்கிப் படிவம்போல் அதை நிரப்பச் சொல்லாமல், அந்தச் செவிலியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் மனைவியிடம் காரணத்தைச் சொன்னார். மனைவி சிறிது நேரம் பேசவில்லை; பிறகு அவரே தன் பெயரை எழுதினார்.

ஊசி போடும் நாளின் நடைமுறையில் குறை சொல்ல அதிகம் இல்லை. வெறும் வயிற்றில் காலை எட்டு மணிக்குப் போக வேண்டும். இரத்தம் எடுத்ததும் குழாய்களைச் சுழற்றிப் பிரித்து, உலர்பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கி மைய ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். குளிர்பெட்டியிலிருந்து வரும் ஊசிக்குழலைச் சுற்றி ஒளிபுகாத வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பதன் நிறம் எனக்கும் தெரியக் கூடாது, என்னைப் பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியக் கூடாது. அதைத் தயாரிப்பவர் வேறு அறையில் இருப்பார், என்னோடு பேச மாட்டார். போட்ட பிறகு அரைமணி நேரம் உட்காரவைத்து, இரத்த அழுத்தம் பார்த்து, சிற்றுண்டிச் சீட்டுத் தருவார்கள்.

சிரமம் அதற்குப் பிறகுதான். என் லைப்போபுரோட்டீன்-ஏ அளவை எனக்குச் சொல்ல மாட்டார்கள். வெளியில் அளந்து பார்க்கவும் கூடாது. எங்கள் தெருமுனையில் இருக்கும் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு குழாய் இரத்தம் கொடுத்தால் மறுநாளே எனக்கு வந்தது மருந்தா, நீரா என்று தெரிந்துவிடும். இரண்டு முறை அதன் வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன். தெரிந்துகொண்டால், மருந்து பெறுகிறவன் என்ற தைரியத்தில் நான் வேறுவிதமாகச் சாப்பிடுவேன், வேறுவிதமாக உடம்பைப் பற்றிச் சொல்வேன், நீர்தான் என்று தெரிந்தால் விலகிவிடவும் கூடும். அப்படிச் சில நூறு பேர் செய்தால் ஆய்வே பாழாகும் என்று, ஆய்வு வருகைகளைக் கவனித்துக்கொள்ளும் ஊழியரான முதல் கோஆர்டினேட்டர் பொறுமையாக விளக்கியிருந்ததுதான் என்னைத் தடுத்தது. ஒரு தடையை விதிப்பவர் அதன் காரணத்தையும் சொன்னால் மனிதர்கள் கட்டுப்படுகிறார்கள்.

அந்தக் கோஆர்டினேட்டர் எட்டு மாதத்தில் வேலையை விட்டுப் போனார். அடுத்தவரும் போய், இப்போது மூன்றாமவர் இருக்கிறார். ஒவ்வொருவரிடமும் என் வரலாற்றை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. போக்குவரத்துச் செலவாக ஒவ்வொரு வருகைக்கும் தர வேண்டிய தொகை ஒருமுறை ஐந்து மாதம் தாமதமானது. எனக்கு அது பெரிதில்லை. தினக்கூலியை விட்டுவிட்டுத் தாராவியிலிருந்து வரும் ஒருவரை அதே வரவேற்பறையில் பார்த்திருக்கிறேன், அவருக்கு அது பெரிது.

2024 மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்து, செம்பூரில் ஒரு நர்சிங்ஹோமில் மூன்று நாள் படுத்திருந்தேன். ஆய்வுக்கும் கொசுவுக்கும் என்ன தொடர்பு என்று எண்ணி, வீடு திரும்பிய பிறகுதான் சொன்னேன். மருத்துவர் உண்மையிலேயே வருந்தினார். பங்கேற்பாளர் எந்தக் காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்தாலும் அது ‘தீவிரப் பாதக நிகழ்வு’ என்றே கருதப்படும். ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், மருந்து நிறுவனத்துக்கும், பங்கேற்பவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். தொடர்பு இருக்கிறதா, இல்லையா என்று முடிவுசெய்வது என் வேலையல்ல என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, ஆய்வில் இருக்கும்போது ஏற்படும் பாதிப்புக்கு, அது ஆய்வினால் வந்ததல்ல என்று நிறுவப்படும்வரை இலவசச் சிகிச்சை பெறவும் நமக்கு உரிமை உண்டு. இதைக் கையெழுத்து நாளன்றே சட்டைப்பையில் வைக்கும் அளவில் ஒரு அட்டையாகத் தந்திருக்கலாம்; 24 பக்கத்தில் 19-ஆவது பக்கத்தில் இருப்பதை நோயாளி காய்ச்சலில் நினைவு வைத்திருப்பாரா?

மதிப்பெண் கேட்டால், ஐந்துக்கு மூன்றரை தருவேன். மருத்துவருக்கும் செவிலியருக்கும் ஐந்து, படிவத்துக்கு ஒன்று. சேர நினைப்பவர்கள், முதலில் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 2007-இல் தொடங்கிய அந்தப் பதிவேட்டில், 2009 ஜூன் முதல் ஒவ்வொரு ஆய்வையும் ஆள் சேர்க்கும் முன்பே பதிவுசெய்வது கட்டாயம், அங்கே எந்தெந்த ஊரில் எந்த மருத்துவமனையில் நடக்கிறது என்பதையும் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். போகும்போது தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். படிவத்தை அவர் உரக்க வாசிக்கட்டும், புரியாத ஒவ்வொரு வரியிலும் நிறுத்தட்டும்.

நாங்கள் கண்ட பிழைகளை ஒரு தாளில் எழுதி, படிவத்திலேயே இருந்த நெறிமுறைக் குழு முகவரிக்கு அனுப்பினோம். ஆறு மாதம் பதில் இல்லை. 2025 பிப்ரவரியில் ஆய்வுத் திட்டத்தில் ஒரு மாற்றம் வந்ததால் மறுபடி ஒப்புதல் கேட்டார்கள், புதிய படிவத்தில் ‘கைகள்’ போய், ‘இரண்டு குழுக்கள், ஒரு குழுவுக்கு ஆய்வு மருந்து, மற்றதற்கு மருந்து எதுவும் இல்லாத உப்புநீர் ஊசி’ என்று இருந்தது. இழப்பீட்டுப் பகுதி இன்னும் பழைய கரடுமுரடான தமிழிலேயே இருக்கிறது. என் மனைவி அந்தப் பக்கத்தில் பென்சிலால் கோடிட்டு வைத்திருக்கிறார்; அடுத்த ஊசிக்குப் போகும்போது எடுத்துப் போகிறோம்.