ஒரே மைக்கில் நாலு வருஷம்

2021-இல் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்யலாம் என்று ஆரம்பித்தபோது என்னிடம் இருந்தது ஒரு எலக்ட்ரோ அகூஸ்டிக் கிட்டாரும் எட்டு ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பும்தான். ஸ்டுடியோவில் மணிக்கணக்கில் காசு. நானோ ஒரே வரியை முப்பது தடவை பாடுகிற ஆள். கட்டுப்படியாகாது.

முதலில் ஆன்லைனில் பெயர் தெரியாத ஒரு யுஎஸ்பி மைக் வாங்கினேன். தண்டம். மூன்றாம் மாதமே கேபிள் செருகும் இடம் ஆட்டம் கண்டு, பாடிக்கொண்டிருக்கும்போதே ஒலி அறுந்துபோகும். அப்புறம் நாலு பேரிடம் விசாரித்து, தெரிந்த கீபோர்டு கலைஞர் ஒருவரிடம் ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ மூன்றாம் தலைமுறை இன்டர்ஃபேஸை, அதாவது மைக்கையும் கிட்டாரையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியை, பழையதாக 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். மைக் மட்டும் புதிது, ஷூர் எஸ்எம்58. ஹெட்ஃபோன், ஸ்டாண்ட், மைக்குக்கான எக்ஸ்எல்ஆர் கேபிள் எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்குள் முடிந்தது. இன்றுவரை அதே சாமான்தான் ஓடுகிறது.

எஸ்எம்58 என்பது 1966-இல் வந்த டைனமிக் வகை மாடல். கச்சேரி மேடையில் பந்து மாதிரி வலை போட்ட மைக்கைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். “வீட்டுக்குக் கண்டென்சர்தான் வாங்கணும்” என்று, சின்னச் சத்தத்தையும் பிடிக்கிற அந்த இன்னொரு வகை மைக்கைச் சொல்லாதவர்கள் இல்லை. நண்பனுடைய கண்டென்சரை ஒரு மாதம் வைத்துப் பார்த்தேன். மூச்சு வாங்குவது வரை துல்லியமாக விழுந்தது, ஒத்துக்கொள்கிறேன். கூடவே காக்கா, குக்கர் விசில், எதிர்வீட்டு சீரியல், என் அறையின் வெறுஞ்சுவரில் மோதித் திரும்பும் எதிரொலி என எல்லாமே துல்லியமாக விழுந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அறை, மொசைக் தரை, ஜன்னலுக்கு நேர்கீழே தெரு. இந்த இடத்துக்கு, வாயருகே வருவதை மட்டும் முக்கியமாக எடுக்கிற டைனமிக் மைக்தான் சரி. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதற்கும் ஒரு விலை உண்டு. டைனமிக் மைக்குக்கு கெயின், அதாவது மைக்கின் சத்தத்தைப் பெருக்கும் அளவு, நிறைய வேண்டும். மெதுவாக விரலால் மீட்டும் பாட்டென்றால் குமிழை முக்கால்வாசிக்கு மேல் திருப்ப வேண்டியிருக்கும், பின்னால் லேசாக ‘ஸ்ஸ்’ கேட்கும். பாட்டோடு சேர்த்துக் கேட்டால் தெரியாது, தனியாகக் கேட்டால் உறுத்தும்.

சோலோவில் மைக்குக்கு ஒரு வாய்தான். இன்னொன்று கிட்டார் கேபிளுக்கு. கிட்டாரை நேராகச் செருகிப் பதிவு செய்வதுதான் சுலபம் என்று முதல் ஆறு மாதம் அப்படியே செய்தேன். கிட்டாருக்குள் அதிர்வை மின்சாரமாக்கும் பியசோ பிக்கப் தருவது ரப்பர் பேண்டை இழுத்து விட்டது போன்ற சத்தம். இப்போது அந்த வழியை மாதிரிப் பதிவுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். தாளத்துக்கு ‘டிக் டிக்’ போடும் மெட்ரோனோமை ஓடவிட்டு, கிட்டாரையும் குரலையும் ஒன்றாக ஒருமுறை பதிந்துகொள்வேன். பிறகு அதைக் கேட்டபடியே மைக் வைத்துக் கிட்டாரைத் தனியாக, கடைசியில் குரலைத் தனியாக. வேலை இரட்டிப்புதான். ஆனால் பாட்டில் தப்பு விட்டால் கிட்டாரைத் தொட வேண்டாம்.

மைக்கை எங்கே வைப்பது என்பதில்தான் எனக்கு ஒரு வருஷம் போனது. கிட்டாரின் ஓட்டைக்கு நேராக வைத்தால் குடத்துக்குள் பேசுவது மாதிரி கும்மென்று இருக்கும். கிட்டார் கழுத்தில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு (குறுக்குக் கம்பிக்கு) நேரே ஒரு சாண் தள்ளி, சற்றே ஓட்டைப் பக்கம் திருப்பி வைத்த அன்றுதான் என் கிட்டாரின் சத்தம் எனக்கே பிடித்தது. குரலுக்கு நாலு விரல் தூரம், மைக் வாய்க்கு நேராக இல்லாமல் கன்னத்தோரம். இல்லாவிட்டால் ‘ப’ வரும் இடமெல்லாம் பட்டாசு.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் ஒரு கரகரப்பு போகவே இல்லை. மைக்கா, கேபிளா என்று இரண்டு வாரம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில், கிட்டாரின் ஏ கம்பியை எங்கும் அழுத்தாமல் சும்மா தட்டினால் மட்டும் அது வருவதைக் கவனித்தேன். அந்தக் கம்பி 110 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதற்கு ஒத்து ஊதியது அறை மூலையில் இருந்த இரும்பு பீரோவின் கைப்பிடி! காகிதத்தை மடித்துச் செருகினேன், நின்றது. அதோடு பீரோ மேலே ஒரு கம்பளியையும் போட்டுவிட்டேன். முதுகுக்குப் பின்னால் கொடியில் இரண்டு ஜமுக்காளம் தொங்கும். எதிரொலி பாதியாகக் குறைந்தது.

பதிவு செய்யும் மென்பொருள் ரீப்பர். 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். பழைய லேப்டாப்பிலும் முனகாமல் ஓடுகிறது. ஆரம்பத்தில் ஹெட்ஃபோனில் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலத் தாமதமாகக் கேட்டது. இன்டர்ஃபேஸுக்கான, தாமதத்தைக் குறைக்கும் ஏஸியோ டிரைவரைப் போட்டு, லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்து வைக்கும் ஒலித் துணுக்கான பஃபரை 256 சாம்பிளுக்குக் குறைத்தேன். நொடிக்கு 44,100 சாம்பிள் எடுக்கும் 44.1 கிலோஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 6 மில்லிசெகண்ட். போகவர இரண்டு பக்கமும் கூட்டினாலும் சமாளிக்கலாம். லேப்டாப் திணறினால், குரலை லேப்டாப்புக்குப் போகாமல் இன்டர்ஃபேஸிலிருந்தே ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் டைரக்ட் மானிட்டரைப் போட்டுக்கொள்வேன், தாமதமே இருக்காது. மென்பொருளின் மீட்டரில் ஒலி அளவு -12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். நுணுக்கம் அதிகமான 24 பிட்டில் பதியும்போது சத்தத்தை முட்ட முட்ட ஏற்றவேண்டிய அவசியம் இல்லை. முதல் வருஷம் இது தெரியாமல் சரணத்தின் உச்சத்தில் எல்லாம் பிசிறடித்து வைத்திருக்கிறேன்.

நாலு வருஷத்தில் பழுதானவை ஹெட்ஃபோனின் காது மெத்தையும் ஸ்டாண்டும் மட்டும். ஸ்டாண்டின் திருகு தேய்ந்து, பாடப் பாட மைக் தூங்கி வழிகிறது. சார்ஜர் செருகினால் கிட்டாரில் வந்த ‘ம்ம்ம்’ இரைச்சல், எலக்ட்ரீஷியன் வந்து பிளக்கில் எர்த் வயரைச் சரியாக இணைத்ததும் போய்விட்டது.

தீராத சங்கடம் வீட்டுச் சத்தம்தான். இரவு பதினொன்றுக்கு மேல் மின்விசிறியை அணைத்து வியர்வையில் உட்கார்ந்தால், ஃபிரிட்ஜ் உறுமும். ஒருநாள் அதையும் அணைத்துவிட்டு மறந்து தூங்கிப்போனேன். காலையில் அம்மா, “பாட்டு நல்லா வந்துச்சாடா? மாவு பொங்கி வழிஞ்சிருச்சு” என்றார். அன்றிலிருந்து ஃபிரிட்ஜை அணைத்தால் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுவேன்.

அப்புறம் எதேச்சையாகக் கண்டுபிடித்தேன்: மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் போகும் நாள். லேப்டாப் பேட்டரியில் ஓடும், சோலோவுக்கு யுஎஸ்பி மின்சாரமே போதும். தெருவில் ஒரு மிக்ஸி, ஒரு மோட்டார், ஒரு டிவி இருக்காது. போன மாதம் அப்படித்தான் முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் பாடி முடித்தேன். கிட்டாரில் கடைசியாக மீட்டிய சுரக்கூட்டு அடங்கிக்கொண்டிருக்கும்போது ஃபிரிட்ஜ் ‘டக்’ என்று உயிர்பெற்றது, கூடத்திலிருந்து அம்மாவின் குரல்: “கரண்ட் வந்துருச்சு!” அதை வெட்டாமல் விட்டிருக்கிறேன்.